‘தொடரும்’ என்று போட்டுவிட்டு ஏன் நிறுத்துகிறார்கள்? ஓடிடி தொடர்கள் பாதியில் நிற்பதன் கணக்கு

வார இதழ்களில் தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு ‘தொடரும்’ என்ற சொல்லின் எடை தெரியும். கதவு தட்டப்படும், நாயகி தாழ்ப்பாளில் கை வைப்பாள், அந்த இடத்தில் பக்கம் முடிந்து மூலையில் அந்த ஒற்றைச் சொல் நிற்கும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த வாரம் கதவு திறந்துவிடும் என்று தெரியும் என்பதால் அந்த எரிச்சலிலும் ஒரு சுகம் உண்டு. இன்று ஓடிடி தளங்களில் வெப் சீரிஸ் பார்ப்பவர்களுக்கு அந்த உறுதி இல்லை. கதவு தட்டப்பட்டபடியே கதை நின்றுவிடுகிறது. வெளியே நின்றது யார் என்பது எழுதியவர்களோடு போய்விடுகிறது.

இது ஏன் நடக்கிறது என்று, இந்தத் துறையின் உள்விவகாரம் எதுவும் தெரியாதவர்களுக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன். ஒரு தொடரை வைத்துத் தொடங்குவோம்.

2022 நவம்பர் 17 அன்று நெட்ஃப்ளிக்ஸில் ‘1899’ வெளியானது. ஐரோப்பாவிலிருந்து நியூயார்க்குக்குப் போகும் ஒரு நீராவிக் கப்பல். ஜெர்மன், போலிஷ், ஸ்பானிஷ், டேனிஷ், கான்டனீஸ் என்று ஆளுக்கொரு மொழி பேசும் பயணிகள். பாதி வழியில், நான்கு மாதங்களுக்கு முன் காணாமல் போன இன்னொரு கப்பலிலிருந்து சமிக்ஞை வருகிறது. மொத்தம் 8 எபிசோடுகள். கடைசிக் காட்சியில் வரும் திருப்பம், அதுவரை பார்த்த அத்தனையையும் வேறு கண்ணால் பார்க்க வைக்கும். இதை உருவாக்கியவர்கள் ‘டார்க்’ தொடரைத் தந்த பாரன் போ ஓடார், யான்ட்யே ஃப்ரீஸ இணையர். மூன்று சீசன்களில் சொல்லி முடிப்பதாகத் திட்டமிட்டிருந்தார்கள். பல நாடுகளில் முதல் பத்து வரிசையில் தொடர் இடம்பிடித்தது. 2023 ஜனவரி 2 அன்று, அதாவது வெளியான 46ஆம் நாள், இரண்டாவது சீசன் கிடையாது என்று ஓடார் இன்ஸ்டாகிராமில் அறிவித்தார்.

இத்தனை பேர் பார்த்த ஒன்றை ஏன் நிறுத்த வேண்டும்? புதிதாக இந்தச் செய்தியைக் கேட்கும் எவருக்கும் முதலில் தோன்றும் கேள்வி இதுதான்.

ஒப்பந்தம் ஒரு சீசனுக்கு, கதை மூன்று சீசனுக்கு

‘ரத்து’ என்ற சொல்லே நம்மைக் கொஞ்சம் குழப்புகிறது. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒன்றைக் கைவிட்டார்கள் என்ற எண்ணம் வருகிறது. பெரும்பாலும் நடப்பது அதுவல்ல. ஓடிடி நிறுவனம் ஒரு நேரத்தில் ஒரு சீசனுக்குத்தான் பணம் தர ஒப்புக்கொள்கிறது. அடுத்த சீசன் வேண்டுமா வேண்டாமா என்பதை முதல் சீசன் ஓடிய பிறகு முடிவு செய்கிறது. ‘வேண்டாம்’ என்று முடிவெடுத்தால் அதைத்தான் நாம் ரத்து என்கிறோம்.

எழுத்தாளர்களோ மூன்று சீசனுக்கும் ஐந்து சீசனுக்கும் கதையை விரித்து வைத்திருப்பார்கள். முதல் சீசனில் போடும் முடிச்சு மூன்றாவதில் அவிழும். கதையின் நீளத்துக்கும் ஒப்பந்தத்தின் நீளத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில்தான் பார்ப்பவர்களின் மனம் உடைகிறது.

ஒப்புக்கொண்டதையே கைவிட்டதும் உண்டு. பெண்களின் மல்யுத்தத்தைப் பற்றிய ‘குளோ’ தொடருக்கு நான்காவது, இறுதி சீசன் என்று அறிவித்து, படப்பிடிப்பும் தொடங்கிய நிலையில், கொரோனா வந்து வேலை நின்றது. 2020 அக்டோபரில் அந்த சீசனே இல்லை என்றாகிவிட்டது. இது விதிவிலக்கு. பொதுவான கதை முன்பு சொன்னதுதான்.

எதை எண்ணுகிறார்கள்?

தொலைக்காட்சிக் காலத்தில் டிஆர்பி என்று ஒரு எண் இருந்தது. ஓடிடியில் நாம் என்ன பார்த்தோம், எந்த நிமிடத்தில் நிறுத்தினோம், திரும்ப வந்தோமா என்பதெல்லாம் நிறுவனத்துக்குத் தெரியும். அந்தக் குவியலில் எதை முக்கியமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது வெகுகாலம் வெளியில் தெரியாமல் இருந்தது. 2019இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் அவைக் குழு ஒன்றுக்கு நெட்ஃப்ளிக்ஸ் எழுதிய கடிதத்தில் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது. பார்ப்பவர்களை அவர்கள் மூன்று வகையாகப் பிரித்திருந்தார்கள். 2 நிமிடம் பார்த்தால் நீங்கள் ‘தொடங்கியவர்’. ஒரு படத்தில் அல்லது ஒரு எபிசோடில் 70 சதவீதம் பார்த்தால் ‘பார்ப்பவர்’. ஒரு படத்தில் அல்லது ஒரு முழு சீசனில் 90 சதவீதம் பார்த்தால் ‘முடித்தவர்’. முதல் 7 நாளில் எத்தனை பேர், முதல் 28 நாளில் எத்தனை பேர் என்ற கணக்கைப் படைப்பாளிகளுடன் பகிர்வதாகவும் அதில் சொல்லியிருந்தார்கள்.

இந்த 28 நாளும் 90 சதவீதமும்தான் விஷயத்தின் மையம் என்று நான் நினைக்கிறேன். 8 எபிசோடு கொண்ட ஒரு தொடரில் ஏழையும் முழுதாகப் பார்த்து, எட்டாவதிலும் கொஞ்சம் பார்த்தால்தான் 90 சதவீதம் வரும். உங்களுக்கு ஒரு தொடர் மிகவும் பிடித்துப்போகிறது. அவசரமாக முடித்துவிட மனம் வரவில்லை. ஐந்து எபிசோடு பார்த்துவிட்டு, மீதியைப் பொங்கல் விடுமுறையில் வீட்டாரோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்று எடுத்து வைக்கிறீர்கள். முதல் 28 நாள் கணக்கில் நீங்கள் ‘முடித்தவர்’ பட்டியலில் இருக்க மாட்டீர்கள். ரசித்து நிதானமாகப் பார்த்தவரும் பிடிக்காமல் பாதியில் விட்டவரும் அந்தக் கட்டத்தில் ஒரே மாதிரித் தெரிவார்கள்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு தொடரை உயிராக நேசித்து மூன்று முறை பார்த்தவரும், சமைக்கும்போது பின்னணியில் ஓடவிட்டவரும் மாதம் கட்டுவது ஒரே சந்தா. திரையரங்கில் ஒரு படத்தைப் பத்து முறை பார்த்த ரசிகர் பத்து டிக்கெட் வாங்கியிருப்பார். அவருடைய அன்பு வசூலில் தெரியும். சந்தா முறையில் அன்புக்கென்று தனி வருமானம் கிடையாது. நமக்குப் பெரிதாகத் தெரியும் ஒன்று அவர்கள் கணக்கேட்டில் சிறிதாகத் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

செலவுப் பக்கம்

நெட்ஃப்ளிக்ஸின் இணைத் தலைவர் டெட் சரண்டோஸ், வெற்றி பெற்ற தொடர் எதையும் தாங்கள் நிறுத்தியதே இல்லை என்று 2023 ஜனவரியில் ஒரு பேட்டியில் சொன்னார். சின்னக் கூட்டத்துக்குச் சின்னச் செலவில் சொல்ல வேண்டும், பெரிய செலவு என்றால் பெரிய கூட்டம் வர வேண்டும் என்பது அவர் தந்த விளக்கம்.

ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். ஒரு தொடருக்கு 20 கோடி செலவு, 20 லட்சம் வீடுகள் பார்த்து முடிக்கின்றன. வீட்டுக்கு 100 ரூபாய். இன்னொரு தொடருக்கு 200 கோடி செலவு, 50 லட்சம் வீடுகள் முடிக்கின்றன. வீட்டுக்கு 400 ரூபாய். இரண்டாவதைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள், ஊரெல்லாம் பேச்சும் அதைப் பற்றித்தான். ஆனால் வெட்டு விழ வாய்ப்பு அதற்குத்தான். ‘1899’ பெர்லினை ஒட்டிய பாபெல்ஸ்பெர்க் ஸ்டுடியோவில், பிரம்மாண்டமான எல்இடி திரைச்சுவரில் கடலையும் வானத்தையும் ஓடவிட்டு எடுக்கப்பட்டது. செலவு கொஞ்சமாக இருந்திருக்க முடியாது. நிறுத்தியதற்கு விரிவான காரணம் எதையும் நிறுவனம் வெளியிடவில்லை. இருந்தாலும் இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம்.

சீசன்கள் கூடக் கூடச் செலவும் ஏறும். நடிகர்கள், எழுத்தாளர்கள், தயாரிப்பாளர்கள் எல்லோருக்கும் ஒவ்வொரு சீசனுக்கும் சம்பளம் உயரும்படி ஒப்பந்தம் இருக்கும். பார்ப்பவர்களோ சீசனுக்குச் சீசன் குறைவதுதான் வழக்கம். ஏற்கெனவே 16 எபிசோடு போன ஒரு தொடருக்குள் புதிதாக ஒருவர் நுழையத் தயங்குவார். மூன்றாவது சீசனுக்காகவே புதுச் சந்தா கட்டுபவர்கள் குறைவு. புத்தம் புதுத் தொடர் என்றால் அதற்காகச் சிலர் சேரக்கூடும்.

பழைய அமெரிக்கத் தொலைக்காட்சியில் நிலைமை தலைகீழ். அங்கே ஒரு தொடர் 100 எபிசோடைத் தொட்டுவிட்டால் அதை மறுஒளிபரப்புக்காக ஊர் ஊராக இருக்கும் நிலையங்களுக்கு விற்கலாம். உண்மையான லாபமே அதில்தான். அதனால் தடுமாறும் தொடரையும் இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்க்கத் தயாரிப்பவர்களுக்கு ஒரு காரணம் இருந்தது. ஓடிடி நிறுவனம் தன் சொந்தத் தொடரைப் பெரும்பாலும் வெளியில் விற்பதில்லை. இழுத்துப் பிடிப்பதற்கான அந்தக் காரணமும் போய்விட்டது.

வளர நேரம் கிடைக்காததுதான் இதில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதி. 2008இல் ஏஎம்சி சேனலில் ‘பிரேக்கிங் பேட்’ தொடங்கியபோது முதல் எபிசோடைப் பார்த்தவர்கள் சுமார் 14 லட்சம் பேர். 2013 செப்டம்பரில் இறுதி எபிசோடை ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். நடுவில் ஐந்து ஆண்டுகள். பழைய சீசன்களை ஓடிடியில் பார்த்துவிட்டுப் புதியவர்கள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள். அந்தத் தொடர் உயிரோடு நீடித்ததற்கு நெட்ஃப்ளிக்ஸ் ஒரு காரணம் என்று அதை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனே 2013இல் சொன்னார். மெல்ல வளரும் ஒரு கதைக்கு ஓடிடி எவ்வளவு பெரிய துணையாக இருக்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. அந்தப் பொறுமை இன்றைய 28 நாள் கணக்குக்குள் எங்கே இருக்கிறது?

அவநம்பிக்கை என்னும் சுழல்

என் அக்காவிடம் எந்தப் புதுத் தொடரைப் பற்றிச் சொன்னாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி, “முடிஞ்சுடுச்சா?” என்பதுதான். “முடிஞ்ச பிறகு சொல்லு, பார்க்கிறேன்” என்பாள். முன்பு அவள் அப்படி இல்லை. அவளும் நானும் சேர்ந்து பார்த்த ஒரு தொடர், ஒரு பாத்திரம் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத இடத்தில் அப்படியே நின்றுபோனது. அடுத்த சீசன் வரும் என்று ஒன்றரை வருஷம் காத்திருந்தோம். அதன் பிறகுதான் இந்தக் கேள்வி வந்தது.

அக்கா தன் மனசைக் காப்பாற்றிக்கொள்கிறாள். அதில் தவறில்லை. ஆனால் அவளைப் போல லட்சக்கணக்கானவர்கள் ‘முடியட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று ஒதுங்கும்போது, புதுத் தொடரின் முதல் 28 நாள் எண்ணிக்கை விழுகிறது. எண்ணிக்கை விழுந்தால் தொடர் நிற்கிறது. தொடர் நின்றால் இன்னும் பல அக்காக்கள் ஒதுங்குகிறார்கள். முடியாத கதைகள் பெருகப் பெருக, கதையைத் தொடங்குபவர்கள் குறைகிறார்கள். ஒரு தொடரை நிறுத்தியதால் மிச்சமான பணம் கணக்கேட்டில் தெரியும். அதனால் தொடங்கப்படாமலே போன அடுத்த பத்துத் தொடர்களின் நஷ்டத்துக்குக் கணக்கேட்டில் பத்தி கிடையாது.

எல்லா நிறுத்தமும் ஒரே அளவு வலிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு எபிசோடிலும் தனிக்கதையாக முடியும் நகைச்சுவைத் தொடர் நின்றால், நல்ல நண்பர் ஊர் மாறிப் போன மாதிரி ஏக்கம் இருக்கும், அவ்வளவுதான். மர்மத் தொடர் அப்படியில்லை. அது ஒவ்வொரு காட்சியிலும் நம்மிடம் கடன் வாங்குகிறது. ‘இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் சொல்கிறேன்’ என்று கேட்டு வாங்கிய கவனம் அது. எட்டு மணி நேரக் கவனத்தை வாங்கிக்கொண்டு பதில் சொல்லாமல் போனால், பார்த்த எட்டு மணி நேரமும் பின்னோக்கிப் பாழாகிறது. முன்பு ரசித்த காட்சிகளைக்கூட மறுபடி பார்க்க மனம் வருவதில்லை. ரசிகர்களின் கோபத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்குபவர்கள் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை.

கேட்டால் கிடைக்குமா?

சில சமயம் கிடைத்திருக்கிறது. ‘சென்ஸ்8’ என்ற தொடரில், உலகின் எட்டு மூலைகளில் இருக்கும் எட்டுப் பேருக்குள் மனத்தொடர்பு ஏற்படும். சிகாகோ, லண்டன், சியோல், நைரோபி, மும்பை என்று அந்தந்த நகரங்களுக்கே போய்ப் படமெடுத்தார்கள். செலவு எகிறியது. இரண்டாவது சீசன் 2017 மே 5 அன்று வந்தது, ஜூன் 1 அன்று நிறுத்தப்பட்டதாக அறிவிப்பு வந்தது. கதையோ ஒரு கடத்தலின் நடுவில் நின்றிருந்தது. ரசிகர்கள் உலகெங்கிலும் இருந்து எழுதினார்கள், தொலைபேசியில் அழைத்தார்கள், கையெழுத்துத் திரட்டினார்கள். அந்த மாதம் 29ஆம் தேதியே நிறுவனம் இறங்கி வந்தது. கதையை முடித்து வைக்க ஒரு சிறப்பு எபிசோட் எடுப்பதாக அறிவித்தார்கள். இரண்டரை மணி நேர நிறைவுப் பகுதி 2018 ஜூன் 8 அன்று வெளியானது.

‘தி ஓஏ’ தொடருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பிரிட் மார்லிங்கும் சால் பட்மங்லிஜும் ஐந்து பகுதிகளாகக் கற்பனை செய்த கதை அது. முதல் பகுதி 2016 டிசம்பரில், இரண்டாவது 2019 மார்ச்சில். அதே ஆண்டு ஆகஸ்டில் நிறுத்தினார்கள். ரசிகர்கள் லாஸ் ஏஞ்சலிஸில் நிறுவனத்தின் கட்டடத்துக்கு வெளியே நின்றார்கள், ஒருவர் உண்ணாவிரதம் இருந்தார், பணம் திரட்டி நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் விளம்பரப் பலகை வைத்தார்கள். தொடர் திரும்பவில்லை.

‘மேனிஃபெஸ்ட்’ கதை வேறு மாதிரி. என்பிசி சேனல் 2021 ஜூனில் அதை நிறுத்திய அதே வாரத்தில் பழைய சீசன்கள் நெட்ஃப்ளிக்ஸுக்கு வந்திருந்தன. வாரக்கணக்கில் முதல் பத்தில் நின்றது. கதையில் வரும் விமானத்தின் எண் 828. அதற்கேற்ப ஆகஸ்ட் 28 அன்று, 20 எபிசோடு கொண்ட இறுதி சீசன் உண்டு என்று நெட்ஃப்ளிக்ஸ் அறிவித்தது. மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், குரல் மட்டும் தொடரைக் காப்பாற்றுவதில்லை என்பது தெரியும். குரலோடு எண்ணும் சேர வேண்டும், அல்லது நிறுவனத்துக்குத் தன் பெயர் கெடுகிறது என்ற கவலையாவது வர வேண்டும்.

நின்றுபோன தொடர் பார்க்கவாவது கிடைக்கும் என்று நினைத்திருந்தோம். டிஸ்னி பிளஸில் ‘வில்லோ’ தொடர் 2022 நவம்பர் 30 அன்று தொடங்கியது. 2023 மே மாதம் தளத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஆறு மாதம்கூட இல்லை. தளத்திலிருந்து நீக்கிவிட்டால் அதன் மதிப்பை நஷ்டமாகக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். அப்போது டிஸ்னி பல தலைப்புகளைச் சேர்த்து அப்படி எழுதிய தொகை சுமார் 150 கோடி டாலர்.

நிறுவனத்தின் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். ‘சென்ஸ்8’ நிறுத்தப்படுவதற்கு முந்தைய நாள், நெட்ஃப்ளிக்ஸின் அன்றைய தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், நிறுத்தும் விகிதம் இன்னும் கூட வேண்டும் என்று பேசியிருந்தார். துணிந்து விநோதமான முயற்சிகளுக்குப் பணம் போட்டால் சில தோற்கத்தான் செய்யும் என்பது அவர் வாதம். அதில் உண்மை இருக்கிறது. எட்டு மொழி பேசும் கப்பல் கதைக்கு வேறு யார் பணம் போட்டிருப்பார்கள்? தோற்கும் உரிமை இல்லாவிட்டால் புதுமையும் இருக்காது.

ஆனால் தோற்ற கதைக்கும் ஒரு முடிவு இருக்கலாம். என் கோரிக்கை அவ்வளவுதான். இரண்டாவது சீசன் தராவிட்டால் போகட்டும், ஒரு நிறைவு எபிசோடுக்கான தொகையை முதல் ஒப்பந்தத்திலேயே ஒதுக்கி வைக்கலாம். கல்கி 1954இல் காலமானபோது அவருடைய ‘அமரதாரா’ பாதியில் நின்றது. அவர் விட்டுச் சென்ற குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி அதை எழுதி முடித்தார். எழுதியவரே இல்லாதபோதும் வாசகருக்கு முடிவு கிடைக்க வேண்டும் என்று நினைத்த வழக்கம் நம் இதழ்களில் இருந்திருக்கிறது. எழுத்தாளர்கள் உயிரோடு, முடிவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும்போது அதைச் சொல்லவிடாமல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எண்களைத் திறந்து வைப்பதும் வேண்டும். 2023இல் அமெரிக்க எழுத்தாளர் சங்கம் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது இதுவும் ஒரு கோரிக்கை. அந்த டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸ் 18,000க்கும் மேற்பட்ட தலைப்புகளுக்கு எத்தனை மணி நேரம் பார்க்கப்பட்டன என்ற பட்டியலை வெளியிட்டது. நல்ல தொடக்கம். எத்தனை பேர் முடித்தார்கள் என்பது அதில் இல்லை.

அதுவரை நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஒரு புதுத் தொடர் உங்களுக்குப் பிடித்திருந்தால் வெளியான மாதத்துக்குள்ளேயே கடைசி எபிசோடு வரை பார்த்துவிடுங்கள். நாலு பேரிடம் அப்போதே சொல்லுங்கள். அக்காவிடமும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் அவள் இறங்கி வரவில்லை.

அவளுக்கு நான் கடைசியாகக் கொடுத்தது ‘டார்க்’. 26 எபிசோடுகள், மூன்று சீசன்கள், முழுக்கதை. மூன்றாவது சீசன் உண்டு, அதுவே இறுதி என்பது இரண்டாவது சீசன் வெளியாகும் முன்பே, 2019 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டுவிட்டது. கதைக்குள் உலகம் அழியும் நாள் 2020 ஜூன் 27. இறுதி சீசனை அதே தேதியில் வெளியிட்டார்கள்.